சொந்த சர்வர் வைத்தாயிற்று, ஏன் ஒரு பதிவும் வரவில்லை?

மாஸ்டடான் மாதிரி ஒரு சமூக வலைத்தளத்தைச் சொந்தமாக ஓட்டுவது எப்படி என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறுவுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கட்டளையைக் கொடு, அந்தக் கோப்பில் இந்த வரியை மாற்று, முடிந்தது என்பார்கள். முடிவதில்லை. குழப்பமே அதற்கு அடுத்த நிமிடம்தான் ஆரம்பிக்கிறது. சர்வர் ஓடுகிறது, உள்ளே நுழைந்தாயிற்று, 'வணக்கம், யாராவது இருக்கீங்களா' என்று ஒரு பதிவும் போட்டாயிற்று, ஆனால் எதிரே காலித் திரை. நான் முதன்முதலில் வைத்தபோது ஏதோ தப்பாக நிறுவிவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். (அதைச் செய்திருக்கவே கூடாது, ஏன் என்று பின்னால் வருகிறது.) உண்மையில் எதுவும் தப்பில்லை. புது சர்வர் அப்படித்தான் இருக்கும்.

முதலில் அடிப்படை. ஃபேஸ்புக் என்றால் ஒரு கம்பெனி, அவர்களுடைய கணினிகள், அவர்களுடைய விதி. ஃபெடிவர்ஸ் என்று சொல்லப்படுவது அப்படி ஒரு தளம் அல்ல. ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர், தனி விதி. ஆனால் எல்லாம் ஒரே பாஷையில் பேசிக்கொள்கின்றன. அந்தப் பாஷைக்குப் பெயர் ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில், இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி அதை முறையான பரிந்துரையாக வெளியிட்டது. அதற்கு முன்பே இந்த எண்ணம் இருந்தது: 2008-இல் இவான் ப்ரொட்ரோமு ஐடென்டிகா என்று ஒன்றை ஆரம்பித்தார், 2016-இல் ஜெர்மனியிலிருந்து ஆய்கன் ரோச்கோ மாஸ்டடானை வெளியிட்டார். நம் ஊரில் பலர் இந்தப் பெயரை முதலில் கேட்டது 2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை ஒட்டி ஒரு கூட்டமே மாஸ்டடானுக்குக் கிளம்பியபோது. வந்தவர்களில் பலர் சில வாரங்களில் திரும்பிப் போய்விட்டார்கள் என்பது வேறு கதை. 2022 அக்டோபரில் ட்விட்டரை எலான் மஸ்க் வாங்கியபோது இன்னொரு, இன்னும் பெரிய அலை.

மாஸ்டடான் மட்டும்தான் ஃபெடிவர்ஸ் என்று நினைக்க வேண்டாம். படங்களுக்குப் பிக்சல்ஃபெட், வீடியோவுக்கு பியர்டியூப், இணைப்புகளைப் போட்டு விவாதிக்க லெம்மி, ஜப்பானிலிருந்து மிஸ்கீ என்று ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. ஒரே பாஷை என்பதால் மாஸ்டடானில் இருப்பவர் பிக்சல்ஃபெட்டில் இருப்பவரைப் பின்தொடரலாம்.

சரி, எதை நிறுவுவது? உங்கள் ஒருவருக்கோ வீட்டில் நான்கு பேருக்கோ என்றால் என் ஓட்டு கோ-டு-சோஷியல் என்ற சின்ன மென்பொருளுக்கு. மாஸ்டடானோடு அதே பாஷையில் பேசும். மாஸ்டடானை நிறுவினால் ரூபி, போஸ்ட்கிரஸ், ரெடிஸ், பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சைட்கிக் என்று ஒரு கூட்டுக்குடும்பமே வந்து உட்காரும். 2 ஜிபி நினைவகம் இருந்தால் மூச்சுத் திணறி ஓடும், 4 இருந்தால் நிம்மதி. கோ-டு-சோஷியல் ஒரே ஒரு நிரல், ஒரு அமைப்புக் கோப்பு, தரவுகளை ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட் போதும். சில நூறு எம்பி நினைவகத்தில் அடங்கிவிடும். பதிவுக்கு 500 எழுத்து என்பது மாஸ்டடானின் வழக்கமான எல்லை, இதில் 5000. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், இதற்குச் சொந்த முகப்பு கிடையாது. அமைப்புகளை மாற்ற ஒரு பக்கம் இருக்கும், அவ்வளவுதான். பதிவு போடவும் படிக்கவும் ஃபோனில் டஸ்கி, உலாவியில் ஃபான்பி போன்ற செயலியில் உங்கள் சர்வரின் பெயரைக் கொடுத்து நுழைய வேண்டும். இது தெரியாமல், நிறுவிவிட்டு உலாவியில் திறந்து 'பதிவு போடுகிற பெட்டி எங்கே' என்று தேடியவர்களில் நானும் ஒருவன்.

அதற்கு முன் டொமைன் பெயர், அதாவது இணையத்தில் உங்கள் சர்வரைக் கூப்பிடும் பெயர். இதில் அவசரப்படாதீர்கள். சர்வரை வேறு கணினிக்கு மாற்றலாம், ஊர் மாற்றலாம், பெயரை மட்டும் மாற்ற முடியாது. காரணம் இருக்கிறது: ஃபெடிவர்ஸில் ஒவ்வொரு கணக்குக்கும், ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளம் என்பதே அதன் முழு இணைய முகவரிதான். நீங்கள் போட்ட பதிவு மற்ற நூறு சர்வர்களில் பதிந்திருக்கும்போது உங்கள் டொமைன் பெயரோடுதான் பதிந்திருக்கும். பெயர் போனால் அவர்கள் கணக்கில் நீங்கள் வேறு ஆள். 2024 பிப்ரவரியில் க்வியர் டாட் ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வருக்கு இதுதான் நடந்தது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் டொமைன், தாலிபான் அரசின் கீழ் இருந்த பதிவகம் அந்தப் பெயரை முடக்கியது, சர்வர் அந்தப் பெயரில் அத்தோடு முடிந்தது. கேட்க அழகாக இருக்கிறதே என்று கண்காணாத நாட்டின் டொமைனை எடுப்பதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: டாட் இந்தியா என்று தமிழ் எழுத்தில் முடியும் டொமைன் இருக்கிறது, ஆனால் உள்ளுக்குள் அது புரியாத ஆங்கில எழுத்துச் சரமாகத்தான் பயணிக்கும். பயனர் பெயரில் மாஸ்டடானும் கோ-டு-சோஷியலும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. திரையில் தெரியும் பெயரைத் தாராளமாகத் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது புரிகிறதா, நான் இரண்டு முறை அழித்து நிறுவியது ஏன் தப்பு என்று? ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஜோடி சாவி உண்டு, ஒன்று ரகசியம், ஒன்று எல்லோரும் பார்க்கலாம். உங்கள் சர்வர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் ரகசியச் சாவியால் கையெழுத்திடப்பட்டுப் போகும். வாங்குகிற சர்வர் பொதுச் சாவியை வைத்துக் கையெழுத்தைச் சரிபார்க்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதே பெயரில் அதே கணக்கைத் திறந்தால் புதுச் சாவி பிறக்கும், ஆனால் ஏற்கெனவே பழகிய சர்வர்களிடம் பழைய சாவி இருக்கும். ஆள் அதே பெயர் சொல்கிறார், கையெழுத்து மட்டும் வேறு. வங்கியில் என்ன செய்வார்களோ அதையேதான் அவையும் செய்யும். ஆகவே தரவுக் கோப்பைத் தவறாமல் நகல் எடுத்து வையுங்கள், சாவிகள் அதற்குள்தான் இருக்கின்றன.

எங்கே ஓட்டுவது என்பதில் இரண்டு வழி. மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (ஒரு கம்பெனியின் கணினியில் உங்களுக்கென்று ஒதுக்கும் பங்கு), அல்லது வீட்டிலேயே ஒரு பழைய லேப்டாப், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. வீட்டில் வைப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். அப்பார்ட்மென்டின் வாசல் எண் மட்டும் தெரிந்து, உங்கள் கதவு எண் வெளியே யாருக்கும் தெரியாத மாதிரி. நீங்கள் வெளியே போகலாம், உங்களைத் தேடி யாரும் உள்ளே வர முடியாது. ஃபெடிவர்ஸ் சர்வருக்கு உள்ளே வருவதுதான் உயிர். நிலையான ஐபி கூடுதல் பணம் கொடுத்து வாங்கலாம், இல்லாவிட்டால் வெளியில் ஒரு சின்ன விபிஎஸ் எடுத்து அதிலிருந்து வீட்டுக்கு வயர்கார்ட் என்ற மென்பொருளால் ஒரு தனிப் பாதை, சுரங்கம் மாதிரி, போடலாம். முதல் முறை என்றால் நேராக விபிஎஸ்ஸிலேயே வைத்துவிடுங்கள். 443 என்ற எண்ணுள்ள வாசல் (போர்ட்) திறந்திருக்க வேண்டும், பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் சான்றிதழ் வேண்டும் (இலவசம்தான்), இவைதான் முக்கிய நிபந்தனை.

நிறுவும் படிகளை நான் இங்கே சொல்லப்போவதில்லை, அந்த மென்பொருளின் ஆவணமே நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்யும். அடுத்த பாதிக்கு, அந்தக் காலித் திரைக்கு வருவோம்.

உங்கள் சர்வர் பெயர் எங்கவீடு டாட் காம், உங்கள் பெயர் கயல் என்று வைத்துக்கொள்வோம். முகவரி @கயல்@எங்கவீடு.காம். (நிஜத்தில் ஆங்கில எழுத்தில்.) நீங்கள் வேறொரு சர்வரில் இருக்கும் குமார் என்பவரைப் பின்தொடர நினைக்கிறீர்கள். தேடல் பெட்டியில் வெறும் 'குமார்' என்று அடித்தால் ஒன்றும் வராது. உலகத்தில் உள்ள எல்லாக் குமார்களின் பட்டியலும் உங்கள் சர்வரிடம் இல்லை, யாரிடமும் இல்லை. @குமார்@அவர்சர்வர்.காம் என்று முழு முகவரியையும் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் உங்கள் சர்வர் அந்தச் சர்வரிடம் போய் 'குமார் என்று யாராவது இங்கே இருக்கிறாரா' என்று கேட்கும். இந்த விசாரிப்புக்கு வெப்ஃபிங்கர் என்று பெயர். இருக்கிறார் என்றால் அவருடைய விவரப் பக்கத்தின் முகவரி பதிலாக வரும். அதைத் திறந்தால் அவருடைய பெயர், படம், பொதுச் சாவி, முக்கியமாக அவருடைய இன்பாக்ஸ் எங்கே இருக்கிறது என்ற தகவல், எல்லாம் கிடைக்கும். அப்புறம் நீங்கள் 'பின்தொடர்' பொத்தானை அழுத்தும்போது உங்கள் சர்வர் 'கயல் உங்களைப் பின்தொடர விரும்புகிறார்' என்று கையெழுத்திட்ட ஒரு சீட்டை அந்த இன்பாக்ஸில் போடும். அவர் சர்வர் கையெழுத்தைச் சரிபார்த்து 'சரி' என்று உங்கள் இன்பாக்ஸில் ஒரு சீட்டைப் போடும். முடிந்தது. சர்வர்கள் 'இணைவது' என்பது இவ்வளவுதான். உங்கள் சர்வரை ஃபெடிவர்ஸில் சேர்க்கப் பதிவு அலுவலகம் எதுவும் இல்லை, விண்ணப்பமும் இல்லை.

இதை வீட்டுக்குப் பேப்பர் போடச் சொல்வதோடு ஒப்பிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். நாளையிலிருந்து பேப்பர் போடுங்கள் என்று சொன்னால் நாளையிலிருந்துதான் வரும். போன மாதப் பேப்பர் கட்டைக் கொண்டுவந்து வாசலில் வைக்க மாட்டார்கள். குமாரைப் பின்தொடர்ந்ததும் அவர் பக்கத்தைத் திறந்தால் காலியாகவோ ஒன்றிரண்டு பதிவுகளோடோ தெரிவது இதனால்தான். அவர் ஐந்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கலாம், ஆனால் உங்கள் வீட்டுக்கு இன்னும் பேப்பர் வர ஆரம்பிக்கவில்லை. ஒரு வீட்டில் நாலு பேர் படித்தாலும் பேப்பர் ஒன்றுதான் வரும். அதே மாதிரி உங்கள் சர்வரில் நாலு பேர் குமாரைப் பின்தொடர்ந்தாலும், பகிர்ந்த இன்பாக்ஸ் என்ற ஏற்பாடு இருந்தால், அவர் சர்வர் ஒரு பிரதிதான் அனுப்பும். யாருமே கேட்காத பேப்பர் எந்த வாசலிலும் விழாது. அதுதான் அந்தக் காலித் திரை.

பெரிய சர்வரில் கணக்குத் திறந்தவர்களுக்கு இந்தக் காலித் திரை தெரிவதில்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே பல்லாயிரம் பேர் ஆளுக்குப் பத்து இருபது பேப்பர் வாங்குகிறார்கள், எல்லாம் ஒரே வாசலில் வந்து குவிகிறது, புதிதாக வந்தவரும் எடுத்துப் படிக்கலாம். தனி ஆள் சர்வரில் நீங்கள் ஒருவர் கேட்டதுதான். ஹேஷ்டேக் தேடினாலும் இதே கதைதான். 'தமிழ்' என்று தேடினால் உலகத்தில் அந்த ஹேஷ்டேக் போட்ட எல்லாப் பதிவும் வராது, உங்கள் வாசலுக்கு ஏற்கெனவே வந்தவற்றில் அந்தச் சொல் இருப்பவை மட்டும் வரும். இது பழுது இல்லை, ஆனால் எரிச்சல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு எரிச்சல், பதில்கள். குமாரின் பதிவுக்கு மூன்றாவது சர்வரில் இருக்கும் ஒருவர் பதில் எழுதினால் அது குமாருக்குப் போகும், எழுதியவரைப் பின்தொடர்பவர்களுக்குப் போகும். நீங்கள் அந்த இரண்டிலும் இல்லை. ஆகவே குமாரின் சர்வரில் போய்ப் பார்த்தால் முப்பது பதில், உங்கள் சர்வரில் பார்த்தால் மூன்று. விருப்ப எண்ணிக்கையும் அப்படித்தான், ஒவ்வொரு வீட்டின் மொய் நோட்டிலும் அந்த வீட்டுக்கு வந்த மொய்தானே இருக்கும். இந்தக் குறை தெரியாமல், ஏற்கெனவே இருபது பேர் சொன்ன அதே திருத்தத்தை இருபத்தோராவது ஆளாகப் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறைய. மாஸ்டடானின் 2025-ஆம் ஆண்டுப் பதிப்புகளில் விடுபட்ட பதில்களைத் தேடிப் போய் எடுத்துவரும் வசதி சேர்த்திருக்கிறார்கள். மற்றபடி, ஒரு விவாதத்தில் நுழைவதற்கு முன் அந்தப் பதிவை அதன் சொந்தச் சர்வரிலேயே திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

அப்படியானால் காலித் திரையை நிரப்புவது எப்படி? கையால்தான். தெரிந்தவர்கள் நாலு பேரை முழு முகவரி கொடுத்துப் பின்தொடருங்கள். அவர்கள் மற்றவர்களின் பதிவுகளை பூஸ்ட் செய்யும்போது (தங்களைப் பின்தொடர்பவர்களுக்கு மறுபடி பகிரும்போது) அந்த மற்றவர்கள் உங்கள் சர்வருக்கு அறிமுகமாவார்கள். கல்யாணத்துக்குப் போன இடத்தில் உறவு தெரிவது மாதிரி, ஒருவர் வழியாக இன்னொருவர். என் அனுபவத்தில் பூஸ்ட் தாராளமாகச் செய்கிற பத்துப் பேர் கிடைத்துவிட்டால் ஒரு வாரத்தில் திரை நிரம்ப ஆரம்பித்துவிடும். எங்கேயாவது நல்ல பதிவு கண்ணில் பட்டால் அதன் இணைப்பை நகலெடுத்து உங்கள் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள்; உங்கள் சர்வர் போய் அந்த ஒரு பதிவை எடுத்துவரும், அதற்கு நீங்கள் பதில் எழுதலாம், விருப்பம் இடலாம். புதியவர்கள் பலருக்கு இந்த ஒட்டுகிற வித்தை தெரிவதில்லை. மாஸ்டடான் வைத்திருந்தால் ரிலே என்று ஒன்றைச் சேர்க்கலாம், அதில் இணைந்த சர்வர்கள் எல்லாவற்றின் பொதுப் பதிவுகளும் வந்து கொட்டும். கொட்டும் என்றால் நிஜமாகவே கொட்டும், சின்ன சர்வரின் வட்டு நிரம்பிவிடும். நான் சேர்க்க மாட்டேன்.

வட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் சர்வரில் இடத்தை அடைப்பது உங்கள் பதிவுகள் அல்ல, நீங்கள் பின்தொடர்பவர்கள் போடும் படங்களும் வீடியோக்களும். அவற்றின் நகல் உங்கள் சர்வரில் சேமிக்கப்படும். எத்தனை நாள் வைத்திருப்பது என்று அமைப்பில் ஒரு எண் இருக்கிறது, அதைக் குறைத்து வையுங்கள். அழித்தபின் யாராவது திறந்து பார்த்தால் மூலத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளும்.

சர்வர் கொஞ்ச நேரம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். கரண்ட் போய் ஒரு மணி நேரம் என்றால் ஒன்றும் ஆகாது, அனுப்புகிற சர்வர்கள் இடைவெளி விட்டு விட்டு மறுபடி முயற்சி செய்யும், நீங்கள் எழுந்ததும் வந்து சேரும். நாள்கணக்கில் படுத்தால் சில பதிவுகள் வராமலே போகும். மாஸ்டடான் சர்வர்கள் ஏழு நாள் முயன்று பார்த்தும் கதவு திறக்கவில்லை என்றால் இந்த வீட்டில் ஆள் இல்லை என்று முடிவுகட்டி அனுப்புவதை நிறுத்திவிடும். எனக்கு வந்த விசித்திரம் வேறு. ராஸ்பெர்ரி பையில் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மழை நாளில் கரண்ட் போய் ஒன்றரை நாள் கழித்து வந்தது. சர்வர் எழுந்தது, என் திரையில் எல்லாம் சரியாக இருந்தது, நான் போட்ட எதுவும் யாருக்கும் போகவில்லை. பாதி ராத்திரி வரை பதிவேடுகளைப் புரட்டியதில் தெரிந்தது, கடிகாரம் ஒன்றரை நாள் பின்தங்கியிருந்தது. என்னிடம் இருந்த பழைய ராஸ்பெர்ரி பையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, இணையத்திடம் நேரம் கேட்டுச் சரிசெய்யும் சேவையும் அன்றைக்கு எழவில்லை. கையெழுத்தில் நேரமும் சேர்ந்துதான் போகும், நேற்றைய தேதி போட்ட சீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அதிலிருந்து ஏதாவது விசித்திரமாக நடந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன்.

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒன்று, தனிச் செய்தி என்று இங்கே இருப்பது பூட்டிய கடிதம் அல்ல, இரு பக்கத்துச் சர்வர் நிர்வாகிகளும் நினைத்தால் படிக்க முடியும். வங்கி விவரம், கடவுச்சொல் எதையும் அதில் அனுப்பாதீர்கள். அழிப்பதும் அப்படித்தான்: நீங்கள் ஒரு பதிவை அழித்தால் மற்ற சர்வர்களுக்கு 'அழித்துவிடுங்கள்' என்று வேண்டுகோள்தான் போகும். பெரும்பாலும் கேட்பார்கள், கேட்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு, இப்போது நிர்வாகி நீங்கள். திட்டுகிறவர்களும் ஸ்பாம் அனுப்புகிறவர்களும் வந்தால் புகார் கொடுக்க மேலே யாரும் இல்லை. ஒரு சர்வர் முழுவதையும் தடை செய்யும் பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது, கூச்சப்படாமல் அழுத்துங்கள். 2019-இல் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் என்ற தளம் மாஸ்டடான் நிரலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது பெரும்பாலான சர்வர்கள் செய்தது அதைத்தான். மெட்டாவின் த்ரெட்ஸ் இந்தப் பாஷை பேச ஆரம்பித்தபோதும் வாசலைச் சாத்திய நிர்வாகிகள் நிறைய, திறந்து வைத்தவர்களும் நிறைய. மற்றவர்கள் தொகுத்த தடைப் பட்டியலை அப்படியே இறக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் யார் தொகுத்தது, எதற்காக என்று படித்துப் பார்க்காமல் இறக்கினால், பின்தொடர நினைத்தவர் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு நாள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக, மூடுவது. யாரும் ஆரம்பிக்கும்போது இதைப் பேசுவதில்லை. ஆறு மாதத்தில் அலுத்துப்போகலாம், தப்பில்லை. வேறு சர்வருக்குப் போகிறீர்கள் என்றால் உங்களைப் பின்தொடர்பவர்களைப் புது முகவரிக்கு நகர்த்தும் வசதி இருக்கிறது, பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. அந்த நகர்த்தலைச் செய்யப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும், முதலில் அதை அணைத்துவிட்டு அப்புறம் யோசிக்காதீர்கள். மொத்தமாக மூடுவதானாலும் சும்மா அணைத்துவிட்டுப் போகக் கூடாது. வீடு காலி செய்கிறவர் பேப்பர்காரரிடம் சொல்லாமல் போனால் பூட்டிய வாசலில் பேப்பர் குவிந்துகொண்டே இருக்கும். கணக்கை முறையாக அழித்தால் அந்தச் செய்தி உங்களை அறிந்த சர்வர்களுக்குப் போகும். மாஸ்டடானில் சர்வர் முழுவதற்கும் இதைச் செய்ய ஒரு தனிக் கட்டளையே இருக்கிறது. கொடுத்துவிட்டு, வரிசையில் இருக்கும் சீட்டுகள் எல்லாம் போய்ச் சேரும் வரை சில நாள் ஓடவிட்டு, அதன் பிறகு அணையுங்கள்.